கொட்டிடுங்க அண்ணி

பாப்பாவுக்கு முப்பத்தெட்டு வயது. அந்த வயதில் பாப்பா என்று கூப்பிடப்படுவது வேறு யாருக்காவது அவமானமாக இருந்திருக்கும். ஆனால் அவமானம் என்பது பாப்பா மற்றவர்களுக்குக் கொடுக்கிற பொருள். வாங்கி வைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அண்ணன் பாப்பா என்றான், அண்ணி பாப்பா என்றாள், எதிர்வீட்டு டீச்சரும் பாப்பா என்றார். கூப்பிட்டுவிட்டு மூன்று பேரும் ஓரடி தள்ளியே நின்றார்கள்.

பல் செட் செய்கிற லேப்பில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அது இறுகியதும் மெழுகை உருக்கிப் பல்லடுக்க வேண்டும். நாள் முழுக்க ஊரார் வாயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் மனிதர்களைப் பற்றி அவளுக்கு உயர்ந்த எண்ணம் எதுவும் வளரவில்லை. "இந்த வாயை வச்சுக்கிட்டுத்தான் ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லியிருக்கான்" என்பாள், ஒரு கீழ்த்தாடையை மேசையில் வைத்துவிட்டு.

வீட்டில் எல்லாமே அண்ணியுடையது. சமையலறை, ஹால், திரைச்சீலையின் நிறம், எந்த விளக்கை எப்போது அணைப்பது என்பது உட்பட. பாப்பாவுக்கென்று இருந்தது தண்ணீர்க் குழாய்களைப் பார்த்த ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறையும், ஞாயிற்றுக்கிழமை மாலையும்தான். அந்த மாலையில் மட்டும் சாப்பாட்டு மேசை அவளுடைய சிம்மாசனமாகிவிடும்.

யாரோ பரிசாகக் கொடுத்த ஒரு டீப் பெட்டியில் ஆரம்பித்த பழக்கம் அது. இப்போது அலமாரியில் முப்பது டப்பாக்கள் இருந்தன. இலையாகவே வரும் கறுப்பு, பச்சை, வெள்ளைத் தேயிலைகள். செம்பருத்தி, சாமந்தி, புதினா, எலுமிச்சைப்புல், சோம்பு என்று தேயிலையே இல்லாத தேநீர்கள். அண்ணி சமையலறையில் சின்னத் தராசில் நிறுத்து, மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து, வடிகட்டி, கைப்பிடியில்லாத வெள்ளைக் கப்புகளில் ஊற்றி, ஒவ்வொன்றின் அடியிலும் பெயர்ச்சீட்டை ஒட்டிக் கொண்டுவர வேண்டும். பாப்பா சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். கரண்டியில் எடுத்து, தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்ததுபோல் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, பக்கத்திலிருக்கும் கிண்ணத்தில் துப்புவாள். பிறகு தீர்ப்பு வரும்.

"எலுமிச்சைப்புல். தரை துடைக்கிற திரவத்துக்குத் தங்கச்சி. கொட்டிடுங்க அண்ணி."

"வெள்ளை டீ. விலையைக் கேட்டா மயக்கம் வருது, குடிச்சா முயல் குளிச்ச தண்ணி மாதிரி இருக்கு. கொட்டிடுங்க."

அண்ணி கொண்டுபோய்க் கொட்டுவாள். சில நாள் கொட்டுகிற மாதிரி போய்க் குடித்துவிட்டும் வருவாள்.

இதில் யாரும் வாயைத் திறக்க முடியாததற்குக் காரணம், பாப்பாவின் மூக்கு நிஜமாகவே பயங்கரமான மூக்கு. ஒரு தடவை ஒரே வாய் உறிஞ்சிவிட்டு, "இந்தக் கெட்டில்ல முட்டை வேக வச்சது யாரு?" என்று கேட்டாள். அண்ணன் எழுந்து பாத்ரூமுக்குப் போய்விட்டான். அவன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே காலம் தள்ளியதால், பயம் வந்தால் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தக் கால் ஓய்ந்ததே இல்லை.

எதிர்வீட்டு டீச்சர் வேறு ரகம். பாப்பா எதைச் சொன்னாலும் அதன் மேல் ஒரு மாடி கட்டுவார். "முயலா? கரெக்ட் பாப்பா. அதுலயும் வயசான முயல்" என்பார். இலவசமாகப் பிஸ்கட் கிடைக்கிற இடத்தில் சொந்த அபிப்பிராயம் எதற்கு என்பது டீச்சரின் கொள்கை என்று பாப்பா கணித்து வைத்திருந்தாள். அது உண்மையும்கூட.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் பாப்பாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாலு நாள் படுத்தாள், எழுந்தாள், லேப்புக்குப் போனாள். அங்கே பல் செட்டுக்கு ஊற்றும் அக்ரிலிக் திரவத்தை யாரோ தட்டிவிட்டார்கள். நாசியைச் சுடுகிற நாற்றம் அது. லேப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடியது. பாப்பா மட்டும் ஒரு கடைவாய்ப்பல்லை மெழுகில் சாய்வு பார்த்து நட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு நாத்தம் அடிக்கலையா?" என்று கேட்டார்கள்.

"நீங்க ஓடுற அளவுக்கு இல்ல" என்றாள். நட்ட பல் கோணலாக நின்றது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சோப்பை முகர்ந்தாள், பூண்டை நசுக்கி முகர்ந்தாள், கடைசியில் அண்ணனின் ஷூவுக்குள் முகத்தையே விட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அதைச் சொல்ல டாக்டருக்குப் படிப்பு எதற்கு என்று பாப்பா மனதுக்குள் அவரையும் கொட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மேசை போய்விடும். மேசை போனால் குழாய் ஜன்னல் அறை மட்டும்தான் மிச்சம். பாப்பா உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தாள். ஒரு டீயைப் புகழத்தான் மூக்கு வேண்டும். எதற்காகப் புகழ்கிறோம் என்று சொல்லியாக வேண்டுமே! இகழ்வதற்கு உதட்டைச் சுழித்தாலே போதும். மிச்சத்தைக் கேட்கிறவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

தவிர, நாக்கும் கண்ணும் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. சிவப்பாகப் புளித்தால் செம்பருத்தி. தொண்டை குளிர்ந்தால் புதினா. நாக்கைப் பிடித்து இழுத்தால் கறுப்புத் தேயிலை. மஞ்சளாக, ஒரு குணமும் இல்லாமல், வெந்நீரின் ஒன்றுவிட்ட சகோதரி போலிருந்தால் சாமந்தி. பாப்பாவின் தீர்ப்புகள் முன்பைவிடக் கடுமையாயின. "காய்ச்சலுக்கு அப்புறம் இன்னும் நுணுக்கமாயிட்டே பாப்பா" என்றாள் அண்ணி. பாப்பாவுக்கு அவர்கள்மீது இருந்த இளக்காரம் அன்று இரட்டிப்பானது. இவர்களை ஏமாற்ற மூளைகூட வேண்டாம், மூக்கு எதற்கு?

தெருக்கோடியில் ஒரு டிரைகிளீனிங் கடை இருந்தது. அதை நடத்துகிறவரை எல்லோரும் கோட்டுக்காரர் என்பார்கள். கம்பளிக் கோட்டு, போர்வை, சால்வைதான் அவர் கடையில் அதிகம். விவாகரத்தாகிப் பல வருடமான, தனியாக வாழ்கிற, அதிகம் பேசாத மனிதர். அண்ணனின் கோட்டில் கிரீஸ் பட்டபோது பாப்பாதான் எடுத்துக்கொண்டு போனாள், சண்டைக்குத் தயாராக. கடைக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

அவர் கறையை வெளிச்சத்தில் பார்த்தார். கட்டைவிரலால் தேய்த்தார். "போகாது" என்றார்.

"போகாதா?"

"மத்த கடையில போகும்பாங்க. வாங்கி வச்சிருந்துட்டு இதே கறையோட திருப்பிக் குடுப்பாங்க. எனக்கு அந்த வேலை வேணாம்."

பாப்பா கோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அடுத்த வாரம் ஒரு சால்வையை எடுத்துப் போனாள். அதற்கடுத்த வாரம் ஒரு போர்வை. பிறகு மறுபடி அதே சால்வை.

"இதை இப்பத்தானே சுத்தம் பண்ணிக் குடுத்தேன்" என்றார் கோட்டுக்காரர், விரித்துப் பார்த்து. "சுத்தமாத்தான் இருக்கு."

"பாத்தா அப்படித் தெரியல."

"எனக்குத் தெரியுது" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது சிரித்தாரோ என்னவோ. அவருடைய மேல்வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பியிருந்தது. ஊர்ப் பல்லையெல்லாம் பழித்த பாப்பாவுக்கு அந்த ஒரு பல்லை நேராக்கத் தோன்றவில்லை.

ஒரே சால்வை இரண்டு தடவை வெளியே போய்வந்ததை அண்ணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த ஞாயிறு, அண்ணன் கோட்டுக்காரரை டீ குடிக்க அழைத்துவந்தான்.

அவர் கத்திபோல மடிப்பெடுத்த சட்டையில் வந்தார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். "கஸ்டமர் ஒருத்தர் கப்பல்ல சமையல் பண்றவர். எங்கேயோ மலையிலேர்ந்து வாங்கின டீன்னு மூணு பொட்டலம் குடுத்தாரு. வெறும் மொட்டுதானாம். பிரிக்காம பத்திரமா வச்சிருந்தேன். இன்னைக்குத்தான் வேளை வந்துச்சு" என்று அண்ணியிடம் கொடுத்தார்.

அண்ணி உள்ளே போனாள். சற்று நேரத்தில் சமையலறையிலிருந்து பலமாக ஒரு இருமல் கேட்டது.

"அண்ணி, தூசு தட்டாத டப்பாவை எடுத்தீங்களா?" என்றாள் பாப்பா திரும்பாமலே. இந்த மனிதர் அவளுக்கு வேண்டும். அது அவளுக்கு அன்று காலை முகம் கழுவும்போதே தெரிந்துவிட்டது. மூக்கில்லாதது இவருக்குத் தெரியக் கூடாது. இரண்டும் ஒரே மேசையில், ஒரே மாலையில் நடந்தாக வேண்டும்.

பாப்பா முன்னால் ஐந்து கப்புகள் வந்தன, மற்றவர்களுக்கும் அப்படியே. முதலாவது சிவப்பு. "செம்பருத்தி. புளிக்கரைசலுக்கு ரிப்பன் கட்டி விட்டிருக்காங்க. கொட்டிடுங்க அண்ணி."

"ரிப்பன்! அதுவும் சாயம் போன ரிப்பன்" என்றார் டீச்சர்.

கோட்டுக்காரர் உறிஞ்சவில்லை, துப்பவில்லை. கப்பை எடுத்துச் சாதாரணமாகக் குடித்தார். "சூடா இருக்கு" என்றார்.

"சூடுங்கிறது ருசி இல்லீங்க" என்றாள் பாப்பா.

"சரி" என்றார் அவர். அவ்வளவுதான். மேலே ஒரு மாடியும் கட்டவில்லை.

இரண்டாவது தொண்டையைக் குளிர்வித்தது. "புதினா. பல் டாக்டர் வீட்டு விருந்துக்குப் போன மாதிரி." மூன்றாவது நாக்கை இழுத்தது. "கறுப்பு டீ. கோவத்துல போட்டிருக்காங்க." நான்காவது மஞ்சளாக, சாதுவாக. "சாமந்தி. காய்ச்சல்காரன் தலையணையைப் பிழிஞ்சு வடிகட்டினது. எல்லாத்தையும் கொட்டிடுங்க."

அண்ணன் பெருமையும் பயமுமாக விருந்தாளியைப் பார்த்தான். "எங்க பாப்பா இப்படித்தான். மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவா."

"அதைக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன்" என்றார் கோட்டுக்காரர். "கடைக்கு வர்றவங்க எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. அப்புறம் அடுத்த தடவை வேற கடைக்குப் போயிடறாங்க. என் முன்னாள் மனைவியும் கடைசி வரைக்கும் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னா. கெட்டதைக் கெட்டதுன்னு சொல்ற ஆளு ஒருத்தர் பக்கத்துல இருந்தா நிம்மதின்னு தோணிச்சு."

சொல்லிவிட்டு, அதிகம் பேசிவிட்டவர்போலக் கப்பைப் பார்த்துக்கொண்டார்.

மிச்சம் ஒரே ஒரு கப். வெளிறிய, நிலா வெளிச்சம் கரைத்த மாதிரி ஒரு நிறம். மற்ற நாலும் இன்னதென்று தெரிந்துவிட்டதால் இது அவர் கொண்டுவந்ததுதான். பாப்பா கரண்டியை எடுத்தாள். டீச்சர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். ஜலதோஷம் போலிருக்கிறது என்று நினைத்தாள் பாப்பா. உறிஞ்சினாள். வெந்நீரின் இதம், விளிம்பில் ஒரு மெல்லிய இனிப்பு. அதற்குமேல் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. துப்பும் கிண்ணம் பக்கத்திலேயே இருந்தது. அவள் துப்பவில்லை. விழுங்கினாள்.

"இதுதான் டீ" என்றாள்.

அண்ணனின் கால் தரையை அழுத்திய அழுத்தில் மேசை நகர்ந்தது. அண்ணி தட்டைப் பிடித்துக்கொண்டு சிலைபோல நின்றாள். இத்தனை வருடத்தில் பாப்பா வாயிலிருந்து ஒரு பாராட்டு வந்ததில்லை. அந்த அதிர்ச்சிதான் என்று பாப்பா எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், கப்பைத் தூக்கி முழுவதையும் குடித்தாள்.

"நீங்களும் குடிங்க" என்றாள் மற்றவர்களைப் பார்த்து. "நல்லது எப்படியிருக்கும்னு இன்னைக்காவது தெரியட்டும்."

டீச்சர் குடித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. "அற்புதம்" என்றார் ஒருவாறு. "ஏதோ... பழைய துணியெல்லாம் ஞாபகம் வருது."

அண்ணன் குடித்தான். "நெஞ்சை அடைக்குது" என்றான்.

கோட்டுக்காரர் மட்டும் நிதானமாக, ரசித்துக் குடித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இன்னும் ரெண்டு பொட்டலம் கடையில இருக்கு. புதன்கிழமை எங்க அக்கா வர்றாங்க. எனக்கு எதுவும் தெரியாதுன்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டு இருக்கறவங்க. இந்த டீயைப் போட்டுக் குடுத்து, இதை யார் பாராட்டினாங்க தெரியுமான்னு சொல்லப் போறேன். அப்புறம்..." என்று பாப்பாவைப் பார்த்தார். "அப்புறம் மத்த விஷயத்தையும் பேசணும்."

அவர் படியிறங்கியதுதான் தாமதம், அண்ணி பாப்பாவைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு முட்டியது.

"என்கிட்டயும் மறைச்சிட்டியே பாப்பா! இவ்வளவு தூரம் போயிடுச்சா?"

"எவ்வளவு தூரம்?"

"அந்த அந்துருண்டை நாத்தத்தைக் குடிச்சிட்டு 'இதுதான் டீ'ன்னியே, அவ்வளவு தூரம்! பொட்டலத்தைப் பிரிச்சதும் எனக்குக் குடலே வெளிய வந்திருக்கும். கம்பளி அலமாரிக்குள்ள வச்சிருந்திருக்காரு மனுஷன். டீத்தூள் எந்த வாசனையா இருந்தாலும் இழுத்துக்கும்னு நீதானே சொல்லுவே? விருந்தாளி கொண்டுவந்ததாச்சேன்னு துளியூண்டு போட்டு எடுத்துட்டு வந்தேன். நீ அவரைக் கிழிச்சுத் தோரணம் கட்டுவேன்னு பாவமா இருந்துச்சு. நீ என்னடான்னா முழுசாக் குடிக்கிறே! உங்க அண்ணன் உள்ள வாய் கொப்பளிச்சிட்டு இருக்காரு. டீச்சர் வீட்டுக்குப் போய்ப் படுத்தாச்சு. நான் உங்க அண்ணனுக்காக இதுல கால்வாசிகூடப் பண்ணதில்ல பாப்பா. காதல்னா அதுதான்."

பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ அவரு எப்படிக் குடிச்சாரு?"

"அவரு? வருஷக்கணக்கா அந்துருண்டைக்கு நடுவுலயே நிக்கிறாரு. அந்த மூக்குக்கு அது காத்து மாதிரி."

குழாய் ஜன்னல் அறையில் உட்கார்ந்து பாப்பா யோசித்தாள். முதலில் வந்தது வெட்கம்கெட்ட ஒரு நிம்மதி. ரகசியம் தப்பிவிட்டது. மூக்கு போனவள் என்ற பேருக்குப் பதில் காதலுக்காக அந்துருண்டையைக் கரைத்துக் குடித்தவள் என்ற பேர் கிடைத்திருக்கிறது. பேசாமல் இருந்தால் போதும், மேசையும் மிஞ்சும், மனிதரும் கிடைப்பார்.

ஆனால் புதன்கிழமை அக்கா வருவாள். தம்பி முகம் மலரக் கப்பை நீட்டுவார். அக்கா ஒரு வாய் குடிப்பாள். பிறகு என்ன நடக்கும் என்று பாப்பாவுக்குத் தெரியும், ஏனென்றால் அந்த அக்காவின் இடத்தில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அந்த உதட்டுச் சுழிப்பை அவள் கண்ணாடியில்லாமலே பார்த்தாள்.

அதைவிட மோசமானது வேறொன்று. அவர் ஒரு கறையைப் பார்த்துப் போகாது என்று சொன்னவர். அவரிடம் அவள் மற்ற கடைக்காரர்களின் வேலையைச் செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை லேப்பிலிருந்து நேராகக் கடைக்குப் போனாள். கோட்டுக்காரர் நீராவி இஸ்திரியை ஒரு காலர்மீது ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு அம்மா போர்வையோடு காத்திருந்தார். பாப்பா அந்த அம்மாவைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"உங்க டீ நாறுது" என்றாள்.

இஸ்திரி நின்றது. "என்னங்க?"

"அந்துருண்டை நாத்தம். எங்க அண்ணன் ரெண்டு நாளா வாய் கொப்பளிக்கிறாரு. நாளைக்கு உங்க அக்காவுக்கு அதைக் குடுத்தீங்கன்னா உங்க கதை முடிஞ்சுது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நீங்கதானே இதுதான் டீன்னு..."

"சொன்னேன். எனக்கு மூக்கு செத்துப் போச்சு. காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு வாசனையும் தெரியாது. கலரைப் பார்த்து, நாக்கை வச்சு, மீதியை வாயாலயே சமாளிச்சிட்டு இருக்கேன். வீட்டுல யாருக்கும் தெரியாது."

கோட்டுக்காரர் உள்ளே போய்க் கம்பளி அலமாரியைத் திறந்தார். மிச்சப் பொட்டலங்களில் ஒன்றை எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் குழப்பமாக.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அதுக்குள்ளயே குடியிருக்கீங்க. அந்தம்மாகிட்டக் குடுங்க."

போர்வை அம்மா பொட்டலத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோய், சட்டென்று கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். "ஐயய்ய! என்னங்க இது, பீரோவை இடிச்சுப் பொட்டலம் கட்டி வச்சிருக்கீங்க?" போர்வையைக்கூடக் கொடுக்காமல் அவர் போய்விட்டார். மூக்கை இரவல் கேட்டு வாங்கிவிட்டு வேறு என்ன மரியாதையை எதிர்பார்ப்பது?

கடையில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். மேலே கோட்டுகள் உறைக்குள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன, தலையில்லாத பஞ்சாயத்துபோல.

"ரெண்டு மூக்கு" என்றாள் பாப்பா. "ஒண்ணும் உருப்படியில்ல."

அவர் சிரிக்கவில்லை. பொட்டலத்தைக் குப்பைக் கூடையில் போட்டார். இன்னொன்றையும் போட்டார். பிறகு கவுண்டரில் கையூன்றி, "அப்போ ஞாயித்துக்கிழமை நீங்க சொன்னது பொய்" என்றார்.

"டீயைப் பத்திச் சொன்னது பொய்."

"மத்தது?"

"மத்தது எதுவும் நான் சொல்லலையே."

"துப்பாம விழுங்கினீங்க. பாத்தேன்."

பாப்பா கைப்பையிலிருந்து சால்வையை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். அதே சால்வை.

அவர் அதை விரித்துப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பினார். "இது சுத்தமாத்தான் இருக்கு" என்றார்.

"தெரியும்."

இந்தத் தடவை அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்துத் தன் நாற்காலியின் முதுகில் போட்டுக்கொண்டார். "அக்காவுக்கு நாளைக்கு வெறும் வெந்நீர் குடுத்துடறேன். அதுல குத்தம் கண்டுபிடிக்கட்டும், பாப்போம்."

"கண்டுபிடிப்பாங்க" என்றாள் பாப்பா. "நான்னா கண்டுபிடிப்பேன்."

அடுத்த ஞாயிறு மேசையில் பாப்பா விஷயத்தைப் போட்டு உடைத்தாள். யாரும் குறுக்கே பேச இடம் கொடாமல், ஒரு மின்சார பில்லைப் படிப்பதுபோலச் சொல்லி முடித்தாள். கோட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

அண்ணனின் கால் தரையை அழுத்தவில்லை. அதுவே விசித்திரமாக இருந்தது. "அப்போ அந்தத் தலையணையைப் பிழிஞ்சது, முயல்..." என்று இழுத்தான்.

"முயல் காய்ச்சலுக்கு முன்னாடி. அது நிஜம்."

"ஆனா நான் அந்த விலையுள்ள வெள்ளை டீயைக் குடிச்சிட்டேன்" என்றாள் அண்ணி, தன்னையறியாமல். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "கொட்டலை. கொட்டலைங்கறேன். எனக்குப் பிடிச்சுது. இனிமே சொல்றதுக்கென்ன?"

டீச்சர்தான் பாவம். பாராட்டிய ஒன்றைத் திரும்பப் பெறுவதா, பழித்ததையெல்லாம் திரும்பப் பெறுவதா என்று தெரியாமல் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார். பாப்பா அவரைப் பார்த்த பார்வையில் பழைய இளக்காரம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. மூக்குதானே போயிருந்தது.

"அப்போ இனிமே தீர்ப்பு யாரு சொல்றது?" என்றான் அண்ணன்.

"நான்தான்" என்றாள் பாப்பா. "வாசனையை மட்டும் இவரு சொல்லுவாரு."

"அவர் மூக்கே..."

"அந்துருண்டையைத் தவிர மத்ததெல்லாம் தெரியும்" என்றார் கோட்டுக்காரர் அடக்கமாக. அண்ணி முதல் கப்பை வைத்தாள். அவர் அதன்மேல் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் மூடியிருந்தார்.

"சீக்கிரம்" என்றாள் பாப்பா. "ஆறிடும்."

"இது... மழையில நனைஞ்ச கம்பளிக் கோட்டைக் காய வைப்போம் பாருங்க. பாதி காய்ஞ்சதும் பையில கையை விட்டா உள்ள கொஞ்சம் சூடு இருக்கும். அந்த மாதிரி."

பாப்பா கரண்டியில் எடுத்து உறிஞ்சினாள். வெந்நீர்தான். நாக்கில் லேசான துவர்ப்பு, அதற்கப்பால் சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஈரக் கோட்டும், அதன் பையில் யாரோ விட்டுவைத்த சூடும் இருப்பதாக ஒருத்தர் சொல்கிறார். அவர் போகாத கறையைப் போகும் என்று சொல்லாதவர்.

"இப்படியா ஒரு வாசனையைச் சொல்லுவாங்க?" என்றாள். "டீயைக் கேட்டா கோட்டுப் பையைக் காட்டறாரு. இந்த லட்சணத்துல ஒரு மூக்கு."

"கொட்டிடவா?" என்றாள் அண்ணி, கப்பை நோக்கிக் கையை நீட்டி.

பாப்பா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "அவரு இன்னும் முடிக்கலை" என்று கப்பைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள். "ம், சொல்லுங்க. பையில வேற என்ன இருக்கு?"